15 குதிரை என்ஜின் 4150 சுற்றில் நின்றால்: போட்டின் வேகத்தைத் தேடிய வேலைப் பதிவு

போட்: 17 அடி 6 அங்குல ஃபைபர் போட், மட்டக்களப்பு வாவியோரம் பாலமீன்மடுக் கரையில் ஏற்றி வைத்தது. என்ஜின்: யமஹா எண்டூரோ, 15 குதிரைவலு, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 246 சிசி, குட்டைக் கால். புரொப்பெல்லர்: அலுமினியம், மூன்று இதழ், 9¼ × 11 (அங்குலத்தில் விட்டம் × பிட்ச்; பிட்ச் என்பது ஒரு சுற்றுக்கு அது முன்னேற வேண்டிய தூரம்). முறைப்பாடு: "முழுசா முறுக்கினாலும் போட் எழும்புதில்ல, எண்ணெய் மட்டும் குடிக்குது." (எழும்புவது என்றால் போட் தண்ணீரைக் கிழிக்காமல் அதன் மேலே ஏறி ஓடுவது.)

இந்த முறைப்பாடு வந்தால் கரையில் நிற்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் காபரேற்றரைக் கழற்றச் சொல்வார்கள். மற்ற இரண்டு பேர் "பிட்ச் குறைஞ்ச புரொப்பெல்லர் போடுங்க, மறுகா பாருங்க" என்பார்கள். பின்னவர்கள் சொல்வது பாதி சரி. ஆனால் புரொப்பெல்லரைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். காரணம் கீழே அளவுகளோடு வரும்.

முதலில் அளவு

என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று தெரியாமல் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது. பிளக் வயரில் ஒரு கம்பியைச் சுற்றி ஒட்டும் சின்ன டிஜிட்டல் டாக்கோமீற்றர் போதும். ஒரு சிக்கல்: சில இரட்டைச் சிலிண்டர் என்ஜின்களில் ஒரே கொயில் இரண்டு பிளக்கையும் ஒன்றாக அடிக்கும். அப்போது கிராங்க் ஒரு முறை சுற்ற ஒரே வயரில் இரண்டு பொறி போகும். மீற்றர் இரட்டித்துக் காட்டும். முழு முறுக்கில் 8300 என்று காட்டினால் என்ஜின் பறக்கிறது என்று பயப்பட வேண்டாம், அது 4150. மீற்றரின் அமைப்பில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி என்று மாற்றிவிட வேண்டும்.

வேகத்துக்குக் கைப்பேசியின் ஜிபிஎஸ். ஒரே திசையில் ஓடிப் பார்த்த கணக்கு செல்லாது. முகத்துவாரம் (வாவி கடலோடு சேரும் வாய்) வெட்டியிருக்கிற நாளில் வாவியில் நீரோட்டம் இருக்கும், காற்று வேறு. பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கமிருந்து கல்லடிப் பாலம் நோக்கி ஒரு ஓட்டம், திரும்பி ஒரு ஓட்டம், இரண்டின் சராசரி. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் விடிந்தவுடன் முடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் தண்ணீர் நெளியத் தொடங்கும். ஆழம் இடுப்பளவுக்குக் குறைந்த இடத்தில் எடுத்த அளவையும் நம்பக்கூடாது, அடித்தரை போட்டின் பின்பக்கத்தை இழுக்கும். வலை கட்டியிருக்கிற இடத்தையும் தோணியில் இறால் பிடிக்கிறவர்களையும் விலத்தி ஓட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சுமை: எல்லா ஓட்டத்துக்கும் ஒரே சுமை. இரண்டு பேர், 40 கிலோ வலை, ஐஸ் பெட்டியில் 30 கிலோ ஐஸ், 20 லீற்றர் நிறைந்த தாங்கி. வெறும் போட்டில் எடுத்த வேகம் கரையில் பேச மட்டும் உதவும்.

முதல் அளவு: 4150 சுற்று, மணிக்கு 17.5 கிலோமீற்றர்.

இந்த என்ஜினுக்கு முழு முறுக்கில் இருக்க வேண்டிய எல்லை 4500 முதல் 5500 வரை. அதற்குக் கீழே நிற்கிற என்ஜின் மெதுவாக ஓடுகிறது என்பது மட்டுமல்ல, அழுத்தப்படுகிறது. மலையில் நாலாம் கியரில் ஏறுகிற மோட்டார் சைக்கிளைப் போல. டூ ஸ்ட்ரோக் என்ஜினின் வலு மேல் சுற்றில்தான் இருக்கிறது. கீழே பிடித்து வைத்தால் பிஸ்டன் தலையில் கரி ஏறும், வெப்பம் ஏறும், முறுக்க முறுக்க எரிபொருள் போகும், போட் போகாது.

புரொப்பெல்லர் போக வேண்டிய வேகத்துக்கும் போட் ஓடிய வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வழுக்கல். அது எவ்வளவு என்பதை ஒரு பெருக்கலில் பார்க்கலாம். கீழ்ப்பெட்டியின் (புரொப்பெல்லர் பூட்டியிருக்கும் கியர்ப் பெட்டி) கியர் விகிதம் 27க்கு 13, அதாவது என்ஜின் 2.08 முறை சுற்றப் புரொப்பெல்லர் ஒரு முறை சுற்றும். பிட்ச் 11 என்றால் புரொப்பெல்லர் கெட்டியான பொருளுக்குள் திருகாணி போல் போனால் ஒரு சுற்றுக்கு 11 அங்குலம் முன்னேறும். எனவே:

சுற்று × பிட்ச் (அங்குலம்) × 0.000733 = வழுக்கல் இல்லாத வேகம், மணிக்குக் கிலோமீற்றரில்.

4150 × 11 × 0.000733 = 33.5. ஓடியது 17.5. வழுக்கல் 48 சதவீதம். சுமை ஏற்றிய வேலைப் போட்டுக்கு 30 முதல் 35 வரை என்றால் பொறுக்கலாம். பாதிக்குப் பாதி தண்ணீரைக் கலக்குவதில் போனால் புரொப்பெல்லர் மட்டும் காரணமாக இருக்க முடியாது, போட்டை ஏதோ பிடித்து இழுக்கிறது.

(0.000733 என்ற எண் 2.08 விகிதத்துக்கு மட்டும். வேறு என்ஜினுக்கு 0.001524ஐ அதன் கியர் விகிதத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும்.)

போட்டின் அடி

கவிழ்த்துப் பார்த்தால் பின்பக்க மூன்றில் ஒரு பங்கில் பாசி, அதன் மேல் மணல் மாதிரிச் சின்னச் சிப்பிப் பொருக்கு. கையால் தடவினால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. தட்டையான மரத்துண்டால் சுரண்டி, 120 இலக்கச் சாண்ட் பேப்பரை நனைத்துத் தேய்த்தது. இரும்புச் சுரண்டி வேண்டாம். மேல்பூச்சில் கீறல் விழுந்தால் ஃபைபர் தண்ணீர் குடிக்கும்.

இரண்டாவது, தட்டுக்குக் கீழே தண்ணீர். வடிகால் அடைப்பைத் திறந்து போட்டைச் சாய்த்தபோது இரண்டரை வாளி வந்தது. 50 லீற்றர் தண்ணீர் 50 கிலோ, கூலி வாங்காமல் போட்டில் ஏறி இருக்கிற ஓர் ஆள். ஓடும்போது அது பின்னுக்கு ஓடி, திரும்பும்போது பக்கத்துக்கு ஓடும். தட்டின் ஓரத்தில் ஒரு வெடிப்பு. அதை அரைத்துத் திறந்து, காயவிட்டு, மூன்று படை ஃபைபர் பாயும் ரெசினும் போட்டு மூடியது. நுரைக்குள் தண்ணீர் ஊறிய போட் என்றால் இது போதாது, தட்டைத் திறந்து நுரையை வெட்டி எடுக்க வேண்டிவரும்.

அளவு: 4300 சுற்று, 19 கிலோமீற்றர். செலவு ரெசினுக்கு மட்டும்.

என்ஜின் உண்மையில் முழுவதும் திறக்கிறதா

மூடியைக் கழற்றி, என்ஜின் நிற்கும்போதே கைப்பிடியைக் கடைசிவரை முறுக்கிக் காபரேற்றர் வாயைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் தகடு காற்று ஓடும் திசைக்கு நேராகப் படுத்திருக்க வேண்டும். இங்கே அது சற்றுச் சரிந்தே நின்றது, கேபிள் நீண்டுவிட்டது. 10 மில்லிமீற்றர் ஸ்பானரால் பூட்டு நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை மூன்றரைச் சுற்று இழுத்துப் பூட்டியது. இழுத்த பிறகு கைப்பிடியை மூடிய நிலையில் சும்மா ஓடும் சுற்று ஏறவில்லை என்று பார்க்க வேண்டும். ஏறினால் கேபிளை அதிகம் இழுத்துவிட்டீர்கள், கியர் போடும்போது அடிக்கும்.

கையோடு செய்த மற்றச் சோதனைகள்: கம்ப்ரெஷன். இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை என்ஜின் உடம்பில் தொடவைத்து (இல்லாவிட்டால் பொறி தரும் சிடிஐ பெட்டி போகும்), முழு முறுக்கில் ஐந்து இழுவை. 102, 98 பிஎஸ்ஐ. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்கிறது, போதும். பெரிய வித்தியாசம் இருந்தால் இந்த வேலையை நிறுத்திவிட்டுப் பிஸ்டன் மோதிரம் மாற்றும் வேலைக்குப் போக வேண்டும். பிளக் பி7எச்எஸ்-10, இடைவெளி 1 மில்லிமீற்றர். இரண்டும் கறுத்து எண்ணெய் பிடித்திருந்தன. அழுத்தப்பட்ட என்ஜினின் அடையாளம் அது. ஒயில் கூடியதின் அடையாளமும் அதுவே.

ஒயில் கணக்கு: 50க்கு 1. 20 லீற்றர் பெற்றோலுக்கு 400 மில்லிலீற்றர். மோதிரம் மாற்றிய என்ஜினுக்கு முதல் பத்து மணித்தியாலம் 25க்கு 1, அதாவது 800. "கூடவே ஊத்தினா என்ஜினுக்கு நல்லம்தானே" என்று எப்போதும் 800 ஊற்றுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஒயில் கூடும் அளவுக்கு அதே ஜெட்டுக்குள் பெற்றோல் குறையும். கலவை வறண்டு என்ஜின் சூடாகும், பிளக்கோ கறுக்கும். இரண்டு பக்கமும் நட்டம்.

அளவு: 4400 சுற்று, 19.5 கிலோமீற்றர். கேபிள் தந்தது இவ்வளவுதான்.

உயரம்

அதிகம் வேகம் கிடைத்த இடம் இது, யாரும் பார்க்காத இடமும் இதுதான்.

புரொப்பெல்லருக்கு மேலே படுக்கையாக இருக்கும் தகடு போட்டின் அடிமட்டத்துக்கும் அதற்கு 25 மில்லிமீற்றர் கீழுக்கும் இடையில் நிற்க வேண்டும். நேரான மட்டப்பலகையை அடியோடு ஒட்டிப் பின்னுக்கு நீட்டி, தகட்டுக்கு உள்ள தூரத்தை அளக்கலாம். இங்கே 65 மில்லிமீற்றர் கீழே இருந்தது. என்ஜின் கொளுவும் பின்பலகையின் மேல்விளிம்பு உக்கியதால் ஒருகாலத்தில் வெட்டித் தாழ்த்தியிருக்கிறார்கள். கீழ்ப்பெட்டி தேவைக்கு மேல் தண்ணீருக்குள் போய், தானே ஒரு தடுப்பாக நின்றது.

பாலை மரத்தில் 60 மில்லிமீற்றர் உயரப் பலகை சீவி, பின்பலகை மேல் வைத்து முதல் ஓட்டம். நேர் ஓட்டத்தில் 4650 சுற்று, நன்றாக இருந்தது. கல்லடிப் பாலத்துக்கு முன்னே திரும்பியபோது புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை இழுத்தது: என்ஜின் ஓலமிட்டு ஒரே மூச்சில் ஏற, போட் நின்றுவிட்டது. உடனே முறுக்கை விட வேண்டும், சுமையில்லாமல் பறக்கும் என்ஜினில் முதலில் போவது கனெக்டிங் ரொட் பேரிங். பலகையை 40க்குச் சீவியது. தகடு இப்போது அடிமட்டத்துக்கு 25 கீழே. திரும்பலில் காற்று இழுக்கவில்லை, பின்னே தண்ணீர் பீச்சும் ஓட்டையில் நீர் முறியாமல் வந்தது. உயர்த்திய பிறகு அந்த நீரை ஐந்து நிமிடமாவது பார்க்க வேண்டும். தண்ணீர் எடுக்கும் துளைகள் மேலே வந்துவிட்டால் என்ஜின் சத்தமில்லாமல் சூடாகும்.

பலகையைச் சும்மா வைத்து என்ஜினை மேலே கொளுவக்கூடாது. இரண்டு கவ்வித் திருகாணிகளின் தட்டுகளும் பழைய பின்பலகையில் பதிய வேண்டும், புதுப் பலகையில் மட்டும் பதிந்தால் அது பிளந்து என்ஜின் வாவிக்குள் போகும். இங்கே 8 மில்லிமீற்றர் துருப்பிடியாத போல்ட் இரண்டு ஊடுருவப் போட்டு, துளைக்குள் சீலன்ட் அடைத்து, போதாதற்கு ஒரு கயிறும் கட்டியது.

அளவு: 4550 சுற்று, 21 கிலோமீற்றர்.

அடுத்து என்ஜினின் சாய்வை மாற்றும் ஆணி. உள்துளையிலிருந்து இரண்டாவதில் இருந்தது. மூன்றாவதுக்கு மாற்ற அணியம் (போட்டின் முன்பக்கம்) சற்று நிமிர்ந்தது, சுற்று மாறவில்லை, வேகம் 21.5. நாலாவதில் அணியம் எழுந்து எழுந்து விழுந்தது, மூன்றாவதுக்கே திரும்பியது. அதோடு ஐஸ் பெட்டியை ஒன்றரை அடி முன்னுக்குத் தள்ளியதும் போட் எழும்ப எடுக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

இதுவரை 17.5இலிருந்து 21.5. புரொப்பெல்லரை இன்னும் தொடவில்லை. முதலிலேயே மாற்றியிருந்தால் 4150க்கு ஏற்ற மாதிரி 8 அங்குலப் பிட்ச் வாங்கியிருப்போம். போட்டைத் துப்புரவாக்கியதும் அதே புரொப்பெல்லரில் வெறும் போட் 5500ஐத் தாண்டிப் பறந்திருக்கும். நோயாளிக்கு அளவெடுத்த சட்டை சுகமானதும் பொருந்தாது.

புரொப்பெல்லர்

மாற்றும் முன் பழையதில் இரண்டு சோதனை. ஒன்று, றப்பர் புஷ். இதழ்க் குடத்துக்கும் உள்ளே இருக்கும் உலோகக் குழாய்க்கும் இடையில் றப்பர் இருக்கிறது. கல்லில் அடித்தால் கியர் உடையாமல் அது வழுக்கும். பழசானால் கல் இல்லாமலே வழுக்கும். குடத்தின் விளிம்பிலிருந்து உள்க் குழாய் வரை பெயின்ற்றால் ஒரு நேர்கோடு போட்டு, முழு முறுக்கில் ஓடி வந்து பார்க்க வேண்டும். கோடு உடைந்து விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. இங்கே கோடு நேராகவே இருந்தது.

இரண்டு, இதழ்கள். தட்டையான கண்ணாடி மேல் புரொப்பெல்லரை நிறுத்தி, ஒவ்வோர் இதழின் பின்விளிம்பும் கண்ணாடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரே இடத்தில் அளக்க வேண்டும். 31, 31, 28 மில்லிமீற்றர். மூன்றாவது இதழ் வளைந்திருக்கிறது. கைப்பிடி நடுங்கியதற்குக் காரணம் அதுதான். அலுமினியத்தைக் குளிரச் சுத்தியலால் நிமிர்த்தினால் வெடிக்கும். விளிம்பில் இருக்கும் சின்னக் காயங்களை மட்டும் அரத்தால் உருட்டிவிடலாம், மூன்று இதழிலும் சமமாக.

பிட்ச் ஓர் அங்குலம் குறைய முழு முறுக்கில் 200 முதல் 250 சுற்று வரை கூடும் என்பது பழகிய கணக்கு. 4550இலிருந்து 4850 வேண்டும் என்றால் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் குறைய வேண்டும். அச்சின் பல் எட்டுக்குப் பொருந்தும் 9¼ × 9¾, 9¼ × 9 இரண்டையும் இரவல் வாங்கி ஓடியது. வாங்கும் முன் இரவல் கேட்பதில் வெட்கம் வேண்டாம், கரையில் எல்லாரிடமும் ஒரு பழசு கிடக்கும்.

மாற்றும் முறை: நிறுத்து கயிற்றுக் கிளிப்பைக் கழற்று, பிளக் வயர் இரண்டையும் கழற்று, கியர் நடுவில். தகட்டுக்கும் இதழுக்கும் இடையில் மரத்துண்டு கொடுத்து, கொட்டர் பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டைத் திருகு. நட்டு, வாஷர், ஸ்பேசர், புரொப்பெல்லர், உள்ளே திரஸ்ட் வாஷர் வரும் ஒழுங்கைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்வாஷரைத் தலைகீழாகப் போட்டால் குடம் கியர்ப் பெட்டியில் உரசும். இங்கே அந்த வாஷருக்குப் பின்னே ஒரு முழம் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) சுற்றிக் கிடந்தது. வாவியில் ஓடும் போட்டுக்கு இது வழமை. அது ஒயில் சீலை அறுக்கும், தண்ணீர் உள்ளே போகும். கீழ்த் திருகாணியைத் திறந்து பார்த்ததில் கியர் ஒயில் பால்தேநீர் நிறம். சீல் மாற்றி, 90 கியர் ஒயில் 250 மில்லிலீற்றர் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் குமிழி இல்லாமல் வழிந்த பிறகு முதலில் மேலதை மூடி, பின் கீழதை மூடியது. மேலிருந்து ஊற்றினால் காற்று சிறைப்பட்டு அரைவாசிதான் நிறையும்.

பல்லில் மரீன் கிரீஸ் பூசிப் புதியதை ஏற்றி, நட்டு 17 நியூட்டன் மீற்றர். துளை நேர்ப்படாவிட்டால் மேலும் இறுக்கி நேர்ப்படுத்த வேண்டும், தளர்த்தக்கூடாது. கொட்டர் பின் எப்போதும் புதியது. பழையதை நிமிர்த்தித் திரும்ப வளைத்தால் எந்த நாளிலாவது புரொப்பெல்லர் முகத்துவாரத்தில் தங்கிவிடும்.

அளவுகள், ஒரே சுமையில்:

9¾ பிட்ச்: 4850 சுற்று, 23 கிலோமீற்றர். வெறும் போட்டில் 5200. வழுக்கல் 34 சதவீதம்.

9 பிட்ச்: 5000 சுற்று, 22.5 கிலோமீற்றர். வெறும் போட்டில் 5400. வழுக்கல் 32 சதவீதம். எழும்புதல் இன்னும் சுறுக்கு.

வாவிக்குள் ஓடும், சுமை குறைந்த தொழிலுக்கு 9¾. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய் மூன்று பேரும் நனைந்த வலையுமாகத் திரும்பும் போட் என்றால் 9தான் நல்லது. அரைக் கிலோமீற்றர் வேகம் போகும், ஆனால் சுமையில் என்ஜின் 4500க்குக் கீழே விழாது. வெறும் போட்டில் 5400 இருப்பதால் அதில் திரும்பி வரும்போது கடைசிவரை முறுக்கி வைக்கக்கூடாது. இந்தப் போட்டுக்கு 9¾ போட்டது.

மண்ணெண்ணெய் என்ஜின் வைத்திருக்கிறவர்களுக்கு இதே வரிசை பொருந்தும். ஆனால் அதன் கம்ப்ரெஷன் குறைவு, மேல் சுற்றில் வலுவும் குறைவு. பெற்றோல் என்ஜின்காரர் சொல்லும் பிட்சை அப்படியே போட வேண்டாம், ஒரு படி குறைத்தே தொடங்குங்கள். பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெற்றோலுக்கு வர வேண்டும். கடைசி மாற்றத்தை விட்டால் அடுத்த விடியலில் இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறிய பிறகு, வழுக்கலில் போகும் எண்ணெயைக் கணக்குப் பார்க்காத மண்ணெண்ணெய்க்காரர் கரையில் யாரும் இல்லை. பெற்றோல் என்ஜினில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் யோசனை மட்டும் வேண்டாம், பிஸ்டன் ஓட்டையாகும்.

மாரி வெள்ளத்தோடு ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) வாவிக்குள் இறங்கும் காலத்தில் சுற்று திடீரென்று 300, 400 குறைந்தால் மேலே சொன்ன எதையும் தேட வேண்டாம். என்ஜினை நிறுத்தி, சாய்த்து, இதழில் சுற்றியதை எடுத்துவிட்டு ஓடிப் பாருங்கள். உவர்த்தண்ணீரில் ஓடிய ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீர்ப் பீப்பாவுக்குள் கீழ்ப்பெட்டியை இறக்கிப் பத்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுச் செய்வது நல்லது.

மாட்டியதிலிருந்து பத்து மணித்தியாலம் ஓடியதும் மூன்று சோதனை இருக்கிறது: பின்பலகை போல்ட் இரண்டும் தளர்ந்திருக்கிறதா, பெயின்ற் கோடு நேராக இருக்கிறதா, கீழ்த் திருகாணியில் ஒரு சொட்டு எடுத்தால் ஒயில் தெளிவா, பால் நிறமா. பழைய 11 பிட்ச் புரொப்பெல்லர் வளைந்த இதழோடு அணியத் தட்டுக்குள் கிடக்கிறது, கரைக்கு வந்துசேர மட்டும் அது போதும். பக்கத்தில் ஒரு ஸ்பானர், குறடு, மரத்துண்டு, கொட்டர் பின் நான்கு.